காட்டுக்கு எல்லைக்கோடு போடுவது யார்?

உங்கள் ஊருக்கு எல்லை எது?

இந்தக் கேள்வியை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "கிழக்கே ஓடை, மேற்கே அய்யனார் கோவில், தெற்கே பெரிய புளியமரம், வடக்கே ஏரிக்கரை" என்று விரலை நீட்டிச் சொல்லிவிடுவார். அதையே தாலுகா ஆபீசில் கேட்டால் சர்வே நம்பரைச் சொல்வார்கள். வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள்.

இரண்டும் ஒரே எல்லைதானா?

வீடும் வயலும் உள்ள இடத்தில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். பட்டா இருக்கிறது, கல் நட்டிருக்கிறது. ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில்தான் வம்பு பிறக்கிறது. அங்கே ஊரார் மனதில் ஒரு கோடு இருக்கிறது. வன இலாகாவின் வரைபடத்தில் வேறு ஒரு கோடு இருக்கிறது.

கோடுதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தேன், நெல்லிக்காய், கடுக்காய், மூங்கில், விறகு, மாட்டுக்குப் புல், குடிக்க ஊற்று நீர், இத்தனையும் அந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நெல்லிக்காய் பறித்தால் அது உரிமை. அந்தப் பக்கம் நின்று பறித்தால் அது குற்றம்!

இந்தக் கோட்டை யார் போடுவது? இந்தியாவின் பல மாநிலங்களில், நம் தமிழ்நாட்டு மலைகளிலும்கூட, இன்று நடக்கும் பெரிய வழக்கு இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டு டிசம்பரில் பார்லிமெண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தது. வன உரிமைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 2007-ம் ஆண்டின் கடைசி நாளில் அது நடைமுறைக்கு வந்தது.

காட்டில் பரம்பரையாகப் பயிர் செய்து வரும் குடும்பத்துக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் கூறுகிறது. இது பலருக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய உரிமை ஒன்றும் அதில் இருக்கிறது. தனி ஆளுக்கு அல்ல, ஊருக்கே கொடுக்கப்படும் உரிமை அது. ஊரார் வழக்கமாகப் பயன்படுத்தி வந்த காட்டை, அந்த ஊராரே காத்து, வளர்த்து, நிர்வாகம் செய்யலாம்.

எவ்வளவு காடு? இத்தனை ஏக்கர் என்று சட்டம் சொல்லவில்லை. "வழக்கமான எல்லைக்குள்" உள்ள காடு என்றுதான் சொல்கிறது. ரிசர்வ் காடாக இருந்தாலும் சரி, சரணாலயமாக இருந்தாலும் சரி, ஊராருக்கு அங்கே வழக்கமாகப் போக்குவரத்து இருந்திருந்தால் அதுவும் சேர்த்தி.

அந்த வழக்கமான எல்லையை முதலில் சொல்ல வேண்டியவர்கள் ஊர் மக்கள். கிராம சபை கூடுகிறது. 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். குழு காட்டுக்குப் போய் எல்லையை நடந்து பார்க்கிறது. பாறை, ஓடை, மரம், கோவில் என்று அடையாளங்களைக் குறித்து வரைபடம் போடுகிறது. பிறகு சப்-டிவிஷன் கமிட்டி. அதற்கும் மேலே கலெக்டர் தலைமையில் ஜில்லா கமிட்டி. முடிவு சொல்வது அந்தக் கமிட்டிதான்.

சர்வே ஆகாத குக்கிராமமாக இருந்தால்? பஞ்சாயத்துக் கணக்கில் பத்துக் குடியிருப்புகளைச் சேர்த்து ஒரே ஊர் என்று எழுதியிருந்தால்? பழைய குடியிருப்பும், சர்வே ஆகாத ஊரும் ஊரே என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்து மைல் தள்ளி இருக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கு இந்த ஓடை யாருடையது என்று எப்படித் தெரியும்?

எண்பதாம் ஆண்டு எல்லை

ஊரார் சொல்லும் எல்லையை எழுதி வைத்தால் என்ன நன்மை? இதற்கு இமயமலைச் சாரலில் 200 ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது.

இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில் குமாவுன் என்ற மலைப்பகுதி இருக்கிறது. 1823-ல் அங்கே டிரெயில் என்ற வெள்ளைக்கார அதிகாரி வரி வசூலுக்காக ஊர்க்கணக்கு எழுதினார். அளவுச் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. இந்த மலை முகடு, இந்த ஓடை, இந்தப் பாறை என்று அடையாளங்களைக் கொண்டு ஊருக்கு ஊர் எல்லையை எழுதி வைத்தார். வயல் மட்டுமல்ல, ஊரைச் சுற்றியிருந்த காடும் புல்வெளியும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. விக்கிரம சகாப்தக் கணக்கில் அது 1880-ம் ஆண்டு. அதனால் மலை மக்கள் அதை "எண்பதாம் ஆண்டு எல்லை" என்று அழைத்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1893-ல் சர்க்கார் ஒரே ஓர் உத்தரவு போட்டது. அளக்கப்படாத நிலம் எல்லாம் சர்க்கார் காடு! 1911-க்குப் பிறகு அந்தக் காடுகளில் பெரும்பகுதியை ரிசர்வ் காடாக்கி, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். மலை மக்கள் கொதித்துப் போனார்கள். 1921-ல் குமாவுன் காடுகள் பற்றி எரிந்தன. அந்தத் தீ தற்செயலாக வந்தது அல்ல.

காட்டைக் காக்க வேண்டியவர்களே காட்டுக்குத் தீ வைத்தார்கள் என்றால், அவர்கள் மனம் எவ்வளவு வெறுத்துப் போயிருக்க வேண்டும்! தனக்கு இல்லை என்று ஆகிவிட்ட பொருள் எரிந்தால் யாருக்கு என்ன?

சர்க்கார் விசாரணைக் கமிட்டி அமைத்தது. 1931-ல் "வனப் பஞ்சாயத்து" விதிகள் பிறந்தன. ஊரார் தங்கள் எல்லைக்குள் உள்ள காட்டைத் தாங்களே பஞ்சாயத்து அமைத்துக் காத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அப்போது எந்த எல்லை என்ற கேள்வி வந்ததல்லவா? பல ஊர்கள் 1823-ம் ஆண்டுக் கணக்கைத்தான் கையில் எடுத்தன. 100 ஆண்டுகளுக்கு முன் வரிக்காக எழுதிய எழுத்து, பேரன் பேத்திகளுக்குக் காட்டை மீட்டுக் கொடுத்தது.

இன்று உத்தரகண்டில் 12,000-க்கு மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. குறை இல்லாமல் இல்லை. 1976-லும் 2001-லும் விதிகளை மாற்றியபோது அதிகாரிகளின் கை ஓங்கிவிட்டது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் காடு யாருடையது என்று கேட்டால், ஊரார் காட்டுவதற்கு ஒரு கோடு இருக்கிறது.

மூங்கிலை வெட்டுவது யார்?

குமாவுன் மக்களுக்குப் பழைய கணக்கு இருந்தது. புதிய சட்டத்தை வைத்துக்கொண்டு முதலில் வென்ற ஊர்களில் ஒன்று மராட்டிய மாநிலத்தில் இருக்கிறது. கட்சிரோலி ஜில்லாவில் உள்ள மேந்தா என்ற கோண்டு பழங்குடி ஊர் அது. பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்து மேந்தா-லேகா என்று சொல்வார்கள். மொத்தம் நூறு குடும்பங்கள் இருந்தால் அதிகம்.

2009-ல் அந்தச் சிறிய ஊருக்குச் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின்மீது ஊர் உரிமை கிடைத்தது. ஏக்கர் கணக்கில் 4,400-க்கு மேல்!

அந்தக் காட்டில் மூங்கில் நிறைய. முன்பு காகித ஆலைக்கு அது குத்தகையாகப் போய்க்கொண்டிருந்தது. உரிமை கிடைத்த பிறகு, "எங்கள் மூங்கிலை நாங்கள் விற்கப் போகிறோம்" என்று கிராம சபை சொன்னது. மூங்கிலை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வன இலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டுமே! அது கிடைக்கவில்லை. மூங்கில் மரம், மரம் வெட்ட உரிமை இல்லை என்று வாதம் வந்தது. மூங்கில் புல் இனம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1927-ம் ஆண்டு வனச் சட்டத்தில் அது மரம் என்று இருந்தது. அந்தச் சொல்லை எடுக்க 2017 வரை ஆயிற்று. புதிய சட்டமோ மூங்கிலும் சிறு வனப் பொருளே என்று 2006-லேயே சொல்லிவிட்டது.

இழுபறி இரண்டு ஆண்டு நீடித்தது. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் அந்த ஊருக்கே போய், அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்தார். ஓர் ஊர் தன் மூங்கிலை விற்க, மத்திய மந்திரி டில்லியிலிருந்து வரவேண்டியிருந்தது! அதற்குப் பிறகு லட்சக்கணக்கான ரூபாய் ஊர்ப் பொதுப் பணமாகச் சேர்ந்தது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஓட்டெடுத்துத் தீர்மானம் போடுவதில்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பேசுகிறார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் மறுபடி பேச்சு. நேரம் ஆகத்தான் செய்யும். ஆனால் எல்லோரும் சேர்ந்து போட்ட கோட்டை யார் மீறுவார்கள்?

சோளகர்களின் எல்லை

இனி நமக்குப் பக்கத்தில் வருவோம்.

ஈரோடு ஜில்லாவின் சத்தியமங்கலம் மலைக்கு வடக்கே, கர்நாடகத்தின் சாமராஜநகர் ஜில்லாவில், பிளிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழும் பழங்குடியினர் சோளகர்கள். இதே சோளகர்கள் சத்தியமங்கலம் காடுகளிலும் பர்கூர் மலையிலும் இருக்கிறார்கள். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, கோவை ஜில்லாவில் இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. சோளகர் உறவுமுறைக்குக் குறுக்கே ஒரு மாநிலக் கோடு விழுந்தது.

மாநிலக் கோடு வருவதற்கு வெகு காலம் முன்பே அவர்களிடம் சொந்தக் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஒரு பகுதி உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "எல்லெ"! நம்முடைய எல்லைதான்.

ஒவ்வோர் எல்லைக்குள்ளும் ஐந்து வகைப் புனித இடங்கள் இருக்கின்றன. தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி. தெய்வம் உறையும் இடம், அம்மன் இடம், காவல் ஆவியின் இடம், முன்னோரின் கல், நீர் ஊற்று என்று தோராயமாகப் பொருள் சொல்லலாம். கையெழுத்துப் போடத் தெரியாத முதியவர்கூட, தம் குலத்தின் எல்லை எந்தக் கல்லில் தொடங்கி எந்த ஊற்றில் முடிகிறது என்று மனப்பாடமாகச் சொல்வார்.

அங்கே 1974-ல் சரணாலயம் வந்தது. காட்டுக்குள் இருந்த குடியிருப்புகள் இடம் மாற்றப்பட்டன. பிறகு தேன், நெல்லிக்காய் எடுத்து விற்கவும் தடை வந்தது. 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகம் வந்தது. குமாவுனில் இருந்ததுபோல் பழைய கணக்கு எதுவும் சோளகர்கள் கையில் இல்லை. பின் எப்படி எல்லையை நிரூபிப்பது?

நடந்து நிரூபித்தார்கள்! பெரியவர்கள் முன்னே நடந்தார்கள். இளைஞர்களும் ஆராய்ச்சியாளர்களும் பின்னே போனார்கள். கையடக்கக் கருவியில், வானத்துச் செயற்கைக்கோளின் துணையோடு, ஒவ்வொரு புனித இடத்தையும் குறித்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்கள் ஒரு வரைபடத்தில் ஏறின. சொல்லாக இருந்த எல்லை படமாக மாறியது. 2011-லேயே அங்குள்ள சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கொடுக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை.

இதனால் காட்டுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் காடு முழுவதும் உண்ணிச்செடி புதர் மண்டிக்கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த செடி அது. மானுக்கும் யானைக்கும் வேண்டிய புல்லை அது முளைக்க விடுவதில்லை. முன்பெல்லாம் கோடை முற்றுவதற்கு முன் சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்போம், அதனால் புதர் அடங்கியிருந்தது, தீயைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி பெருகிவிட்டது என்று சோளகர்கள் சொல்லி வந்தார்கள். ஆராய்ந்து பார்த்தவர்களும் அதில் விஷயம் இருப்பதாகவே எழுதியிருக்கிறார்கள். தீ வைப்பது நல்லது என்று நாம் இங்கே தீர்ப்பு சொல்லவில்லை. அந்தக் காட்டை அறிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு அதைக் காப்பது கடினம் என்றுதான் சொல்கிறோம்.

பக்கத்து ஊர் என்ன சொல்லும்?

ஊரார் சொல்வதெல்லாம் சரிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளலாமா?

கூடாது. இரண்டு ஊர்களும் ஒரே ஓடையைத் தன்னுடையது என்று சொன்னால் என்ன செய்வது? இரண்டு ஊர்க் குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்து, யார் எதை எப்படி அனுபவித்து வந்தார்கள் என்று பேசி, முடிவை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பேசித் தீராவிட்டால்தான் மேல் கமிட்டிக்குப் போக வேண்டும். ஓர் ஊர் மட்டும் நடந்து போட்ட கோடு பாதிக் கோடுதான். பக்கத்து ஊரும் கூட நடந்தால்தான் அது முழுக்கோடு.

வேறொரு சங்கடமும் உண்டு. பழைய காலத்து எல்லை இறுக்கமான எல்லை அல்ல. இந்த ஆண்டு மழை பொய்த்தால் பக்கத்து ஊர் மாடு நம் காட்டுக்கு வரும். அடுத்த ஆண்டு நம் மாடு அங்கே போகும். அதை வரைபடத்தில் ஒற்றைக் கோடாகப் போட்டு அடைத்தால், நேற்று வரை சம்பந்தி முறை கொண்டாடியவர்கள் நாளை கம்பெடுத்து நிற்பார்கள். கோட்டைப் போடும்போதே, வறண்ட ஆண்டில் யார் யார் உள்ளே வரலாம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

பெண்களையும் கேட்க வேண்டும். தேன் எடுக்கும் பாறை ஆண்களுக்குத் தெரியும். விறகும் கிழங்கும் கீரையும் கிடைக்கும் இடம் பெண்களுக்குத்தான் தெரியும். கிராம சபை செல்ல வேண்டுமானால், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி போட்டது சும்மா அல்ல. ஆனால் வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, அவர்களும் எல்லையை நடந்து காட்ட வேண்டும். ஊரில் பலம் உள்ள நாலு பேர் சேர்ந்து போடும் கோடு, அதிகாரி மேஜையில் போடும் கோட்டைவிட எந்த விதத்திலும் உயர்ந்தது அல்ல.

பர்கூர் மலையில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் தாமதமாகத்தான் நடை பழகியது. உரிமைப் பத்திரம் கொடுப்பதற்கு 2008-ல் சென்னை ஐகோர்ட்டு கட்டுப்பாடு விதித்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கியது. நடுவில் 8 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஈரோடு ஜில்லா அந்தியூர் தாலுகாவில் பர்கூர் மலை இருக்கிறது. பர்கூர் மாடு என்றால் தெரியாத விவசாயி உண்டா? செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுத் திட்டாக இருக்கும். செம்மறை என்றும் சொல்வார்கள். மலை ஏறுவதில் ஆட்டையும் தோற்கடிக்கும். அந்த மாடு வீட்டுக் கொட்டகையில் கட்டி வளர்க்கிற மாடு அல்ல. மாதக்கணக்கில் காட்டுக்குள்ளே பட்டி போட்டு மேய்ப்பார்கள். அந்தப் பட்டியைத் தொண்டுப்பட்டி என்பார்கள்.

2022 மார்ச்சில், தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அதே மாதத்தில் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்று சொன்னது. பர்கூர் மலை மக்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் தாலுகாக்களில் உள்ள 80,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. நேற்று மேய்த்த இடம் இன்று சரணாலயம். மாடு அதே மாடு, மலை அதே மலை. மக்கள் எதிர்ப்புக் கூட்டம் போட்டார்கள்.

சரணாலயம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யானையும் புலியும் பிளிகிரி ரங்கன் மலைக்கும் மாதேசுவரன் மலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் போய்வர வழி வேண்டும். ஆனால் மேய்ச்சல் உரிமையும், பருவத்துக்குப் பருவம் காட்டுக்குப் போய்வரும் உரிமையும் சரணாலயத்துக்குள்ளும் உண்டு என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே! அந்த உரிமையை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு சரணாலயக் கோட்டைப் போட்டிருந்தால் இத்தனை பதற்றம் வந்திராது.

இன்னொரு கோடும் அந்த மலையில் குறுக்கே நிற்கிறது. மலையாளிகள் என்று ஒரு மலைவாழ் சமூகம் உண்டு. கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலை மக்கள். சேலம், தருமபுரி போன்ற ஜில்லாக்களில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு ஜில்லாவில் உள்ளவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஜில்லாக் கோட்டைத் தாண்டினால் மாமன் பழங்குடி, மருமகன் பழங்குடி இல்லை!

வன உரிமைச் சட்டத்தில் இதனால் பெரிய வேறுபாடு வருகிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டை நம்பி வாழ்ந்தோம் என்று காட்டினால் போதும். மற்றவர்களோ, அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பர்கூரில் மாடு வளர்க்கும் லிங்காயத்து மக்களுக்கும் இதே நிலைமைதான். அவர்கள் எங்கே போய்ப் பத்திரம் தேடுவார்கள்?

பத்திரம்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அதுவும் சாட்சி. பழைய கோவில், புதைத்த இடம், கிணறு, பட்டி போட்ட இடம் எல்லாம் சாட்சி. இத்தகைய அடையாளங்களைக் கொண்டுதான் சோளகர்கள் மலைக்கு அந்தப் பக்கம் வென்றார்கள். தொண்டுப்பட்டிகள் எங்கெங்கே இருந்தன, எந்த மாதம் எந்தப் பட்டியில் மாடு நின்றது என்று இன்றும் சொல்லக்கூடிய முதியவர்கள் பர்கூர் மலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்களை முன்னே நடக்கவிட்டு, வன இலாகா ஊழியரும் வருவாய்த்துறை ஊழியரும் கூடவே நடந்து, பட்டி பட்டியாகக் குறிக்க வேண்டும். விதிப்படி கிராம சபை அழைத்தால் அவர்கள் வரத்தான் வேண்டும்.

சமூக உரிமை கேட்டு மனுக் கொடுப்பதற்குக் கடைசித் தேதி என்று சட்டத்தில் எதுவும் இல்லை. மனுவை வாங்க வேண்டியது கலெக்டர் ஆபீசும் அல்ல, வன இலாகாவும் அல்ல. அது முதலில் போக வேண்டிய இடம் அந்தந்த ஊரின் கிராம சபை.